ஒப்பீட்டுத் தெருவிலிருந்து வகுப்புக்குப் போன குற்றம்

அனுப்புநர்:
பூட்டுக்காரர்,
(பூட்டு, சாவி பழுது பார்ப்பவர்)
கதவு எண் 17, கிடங்குத் தெரு.

பெறுநர்:
பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழகம்.

பொருள்: மாலை வகுப்பு ஆசிரியையைப் பணியிலிருந்து நிறுத்தியது – தவறு செய்தவன் நான் என்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய பதிவாளர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

1. நமது பல்கலைக்கழகமும் கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து, எழுதப் படிக்கத் தெரிந்தால் ஏழை வீடுகள் மேலே வருமா என்று ஆராய்கின்றன. அதற்காக ஆலைத் தெருவில் முதியோருக்கு வகுப்பு நடக்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எங்கள் கிடங்குத் தெருவை வகுப்பில்லாமல் விட்டு வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபமில்லை. ஒரு பூட்டுக்கு எண்ணெய் விட்டு, இன்னொன்றுக்கு விடாமல் நானும் சோதித்திருக்கிறேன். ஆனால் எண்ணெய் விடாத பூட்டு எழுந்து நடக்காது. நான் நடந்துவிட்டேன்.

2. வகுப்பறை அலமாரிப் பூட்டைச் சரிசெய்யத்தான் முதலில் போனேன். ஐந்து நிமிட வேலை. மாலை முழுவதும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் போனேன். பத்தாம் நாள் ஆசிரியை, “இந்தப் பூட்டுக்கு இன்னும் எத்தனை நாள் வைத்தியம், ஐயா?” என்று சிரித்தார். “பழைய பூட்டும்மா, அடிக்கடி பாக்கணும்” என்றேன். என் வீடு எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

3. சென்ற மாதம் இரு பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். யாராவது பலகையில் தம் முகவரியை எழுத முடியுமா என்று கேட்டார்கள். மற்றவர்கள் எழுமுன் நான் எழுந்துவிட்டேன். கதவு எண், தெருப் பெயர் எல்லாம் பிழையில்லாமல் எழுதினேன். வெளிநாட்டுப் பேராசிரியர் கைதட்டினார். நம்மவர் முகம் வாடியது. எழுத்து சிறியதோ என்று நினைத்து, இன்னும் பெரிதாக ஒருமுறை எழுதிக் காட்டினேன்.

4. மறுவாரம் ஆசிரியை வரவில்லை. ஒப்பீட்டுத் தெரு ஆளைச் சேர்த்து ஆய்வைக் கெடுத்ததால் அவரை நிறுத்தியிருப்பதாகக் கதவில் உத்தரவு ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டி நானே படித்தேன். படிக்கத் தெரிந்ததற்காக நான் வருந்தியது அந்த ஒருநாள்தான்.

5. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கற்றதை அன்றன்றே என் வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் எதிர்வீட்டு மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். மருமகள் செய்தித்தாளைப் பிரித்ததும் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மாவும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். ஆக, தெருவைக் கெடுத்தது நான். ஆசிரியை அல்ல.

ஆகவே அவரை உடனே பணியில் அமர்த்த வேண்டுகிறேன். எங்கள் தெரு இனி ஒப்பீட்டுக்கு உதவாது என்பதால், இங்கும் ஒரு வகுப்பு தொடங்க வேண்டுகிறேன். எங்களுக்குப் பதிலாக வேறொரு தெருவை அப்படி விட்டு வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், சென்ற ஆண்டு தங்கள் கணக்கெடுப்புத் தாளில் கைரேகை வைத்தவன் ஒருவன் இருக்கிறான்; இந்த மனுவை எழுதுகிறவன் ஒருவன் இருக்கிறான். எங்கள் இருவரையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இடம்: கிடங்குத் தெரு
நாள்: 9ஆம் தேதி தொடங்கி, 12ஆம் தேதி முடித்தது

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(கையெழுத்து)
பூட்டுக்காரர்