புருவ இடுக்கி

என் வீட்டரசிக்கு,

நான் நலம். நீயும் என் தங்கையும் பேசிக்கொள்கிறீர்களா என்பதுதான் கவலை.

இங்கே ஸ்டுடியோ கேமராவின் கண்ணாடியில் எட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு தூசி தெரிந்தது. துடைத்ததில் உள்ளே காட்சி விழும் மெல்லிய தகடு, ஃபோகஸிங் ஸ்கிரீன், கீறிவிட்டது. புதிது வாங்கி நானே மாற்றினேன். முதல் தடவை தலைகீழாக. ஸ்டுடியோ முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

“அந்தத் தூசி போட்டோவுலயே விழாதேய்யா. அதை எதுக்குத் தொட்ட?”

ஸ்கிரீனைத் தூக்க உதவியது உன் புருவ இடுக்கிதான். தங்கை எடுத்தாள் என்று மூன்று மாதமாக அவளுக்கு முகம் கொடுக்காமல் இருக்கிறாயே, அதேதான். என் ஷேவிங் பையில் வந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்த அன்றே பார்த்தேன், சொல்லப் பயம். அவளிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

இப்போது எட்டிப் பார்த்தால் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அறையில் பார்க்கத்தான் ஆளில்லை. உன் படம் ஒன்று அனுப்பு. புருவம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இடுக்கியைத் தபாலில் அனுப்பட்டுமா, நானே கொண்டு வரட்டுமா?

உன் வீட்டுக்காரன்