நம்பர் இல்லாத தாள்

அண்ணே,

கையில் இன்னும் பார் சோப்பு வாசனை இருக்கிறது. காஜா பெராங் மண்டபத்தில் இன்று பாட்டுப் பயிற்சி முடிந்ததும் தேநீர்க் கோப்பைகளைக் கழுவியது நான்தான். ஈரம் சரியாகக் காயாத கையோடு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். மவுஸ் வழுக்கியது. விரலை முகர்ந்து பார்த்தேன். உங்கள் வயலின் வில் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. மலாக்கா செட்டி வீட்டில் பிறந்து மலாயிலேயே பேசி வளர்ந்தவர் நீங்கள். 'அண்ணே' மாதிரி நாலைந்து தமிழ்ச் சொல்தான் உங்கள் வீட்டில் புழங்கியது. அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதுகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. எழுபத்தாறு வயதாகியும் கோழைத்தனம் என்னை விட்டுப் போகவில்லை.

கம்ப்யூட்டர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பாட்டுக்கு நோட்டேஷன் எழுத ஒரு சாப்ட்வேர் வைத்திருக்கிறேன். கோடு போட வேண்டாம், மை கொட்டாது, எழுதியதை அதுவே வாசித்தும் காட்டும். பத்து வருஷமாக எனக்கு அது தண்ணி பட்ட பாடு. போன மாதம் எங்கள் குழுவில் பாடும் மாலா அதைப் புது வெர்ஷனுக்கு மாற்றிக் கொடுத்தாள். திறந்து பார்த்தால் இடது பக்கம் இருந்த பெட்டிகளைக் காணோம். மேலே வரிசையாக இருந்த பெயர்கள் போய், பெயரே இல்லாத குட்டிக் குட்டிப் படங்கள். எல்லாம் சாம்பல் நிறம். யாரோ என் சமையலறையில் புகுந்து உப்பையும் புளியையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

"பழசைவிட இது ஈசிலா, ஆண்ட்டி. தெரியலன்னா கேளுங்க" என்றாள் மாலா.

"தெரியும், தெரியும்" என்றேன்.

தெரியவில்லை. சுரத்துக்குக் கீழே பாட்டு வரியை அடிக்க ஓர் இடம் உண்டு. நான் அங்கே நம்பரையும் சேர்த்து அடிப்பேன். ஐந்து கோட்டில் எழுதியதைப் படிக்கத் தெரியாதவர்கள் ச, ரி, க-வுக்குப் பதில் 1, 2, 3 என்று பார்த்துப் பாடிக்கொள்ளலாம். அந்த இடத்தைத்தான் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. மூன்று வாரமாக நம்பர் இல்லாத தாளைக் கொடுத்து, "இனிமே எல்லாரும் நோட்ஸ் பார்த்தே பழகணும்" என்று சமாளித்தேன். பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து வரும் ஒருவர் பின்வரிசையில் பாடுவார். லாரி ஓட்டி ரிட்டையர் ஆனவர், நல்ல கனமான குரல். இன்று அவர் உதடு அசைந்தது, குரல் வரவில்லை. அதைக் கவனித்தும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

சுதந்திரம் வந்த வருஷம் எனக்குப் பதினாறு வயது. கான்வென்ட்டில் பியானோ படித்த திமிர் உச்சியில் இருந்தது. நம் தெருக் குழுவில் நீங்கள்தான் முதல் வயலின். மெர்டேக்கா சுதந்திர விழாவில் வாசிக்க நாலு பாட்டு என்று முடிவானதும், அதுவரை நம்பரில் இருந்த எல்லாவற்றையும் நான் ஐந்து கோட்டுக்கு மாற்றி எழுதினேன். அக்கார்டியன்காரருக்கும் கிதார்காரருக்கும் அது படிக்கத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

நீங்கள் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். அழகாக எழுதியிருக்கிறாய் என்று முதலில் பாராட்டினீர்கள். பிறகு, "நொம்போர் மானா, அடேக்?" என்று, நம்பர் எங்கே தங்கச்சி என்று, மெதுவாகக் கேட்டீர்கள்.

"நம்பர் சின்னப் பிள்ளைங்களுக்கு. படிக்கத் தெரியாதவங்க பின்னால உக்காருங்க."

அதை மலாயில்தான் சொன்னேன், எல்லாருக்கும் புரியட்டும் என்று. சிரித்தார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் ஒரு நாள்கூடத் தவறு செய்யவில்லை. எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டார் என்று எனக்குப் பெருமை வேறு. விழா அன்று சாயங்காலம் திடலில் வெள்ளைச் சட்டையோடு நின்று வாசித்தீர்கள். உங்கள் வில் மற்ற வயலின்காரர்களின் வில்லோடு சேர்ந்து ஏறி இறங்கியது. கைதட்டல் ஓய்ந்ததும் சாமான்களை எடுத்துவைக்கும்போது உங்கள் வில்லை நான் எடுத்தேன். அதில் கட்டிய குதிரைமுடி வழவழவென்று இருந்தது. முகர்ந்தால் துணி துவைக்கும் சோப்பு. சோப்பு தடவிய வில் கம்பியைப் பிடிக்காது, சத்தம் வராது. அத்தனை நாளும் நீங்கள் ஊமை வயலினைத்தான் வாசித்திருக்கிறீர்கள்.

நான் முகர்ந்ததை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "சாலா புன்யி, அடேக் மாலு" என்றீர்கள். தப்பாகச் சத்தம் வந்தால் உனக்குத்தானே வெட்கம் என்று. கோபமே இல்லை உங்கள் குரலில். நான் 'ம்' என்று சொல்லி வில்லைப் பெட்டியில் வைத்து மூடினேன். ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுவாரத்திலிருந்து நீங்கள் வரவில்லை. வழியில் உங்களைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுவேன். பல வருஷம் அப்படியே போனது. நீங்கள் இறந்த செய்தி ஜாலான் பெண்டஹாரா வீதியில் ஒரு துணிக்கடையில் நிற்கும்போது காதில் விழுந்தது. புடவையைத் தேர்ந்தெடுத்து முடித்த பிறகுதான் கடையை விட்டு இறங்கினேன். உங்கள் வீட்டுக்கும் போகவில்லை. வெட்கம், அண்ணே. வேறு காரணம் சொன்னால் அது பொய்.

அந்த விழாவுக்குப் பிறகு நான் யாருக்கும் நம்பர் இல்லாத தாளைக் கொடுத்ததில்லை. உங்களிடம் கேட்காத மன்னிப்புக்குப் பதிலாக அதையாவது செய்வோம் என்று வைத்திருந்தேன். இந்த மூன்று வாரத்தில் அதையும் கெடுத்துக்கொண்டேன்.

இன்று மண்டபத்தில் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து சோப்புக் கையோடு எழுந்து நின்றேன். எல்லாரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "மாலா, எனக்கு இந்தப் புதுசு ஒண்ணும் தெரியல. நம்பர் எங்கே?" என்று சத்தமாகவே கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. மாலா வந்து ஒரு குட்டிப் படத்தை அழுத்திக் காட்டினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. லாரிக்காரர் பின்னால் வந்து நின்று, "நம்பர் வந்திருச்சா? நானும் கேக்கணும்னுதான் இருந்தேன், கூச்சமா இருந்துச்சு" என்றார்.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். மறுபடியும் உங்களால் வாசிக்க முடியாத ஒரு தாளைத்தான் நீட்டியிருக்கிறேன். அன்று நீங்கள் கேட்டதைக் கீழே எழுதுகிறேன். முதல் பாட்டு, உங்கள் வயலின் பகுதி, முதல் வரி. சத்தமாகவே வாசியுங்கள், அண்ணே.

5 6 5 3 | 2 3 5 – | 3 2 1 2 | 1 – – –