காற்றைப் பார்த்து வாங்கிய வீடு

இஞ்சாருங்கோ,

பன்னிரண்டு வருஷமாக உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. கடிதத்தில் மட்டும் புதிதாக எதைத் தொடங்குவது? மெல்பேர்னில் எங்கள் ஆட்கள் சிலர் சேர்ந்து நடத்தும் கையெழுத்துப் பத்திரிகைக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். உங்களைப் பற்றி மற்றவர்களுக்கு எழுத உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசித்துவிட்டுப் போகட்டும்.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மகள் வதனிக்கு இருமல் நின்றுவிட்டது. நாங்கள் இன்னமும் பிரன்ஸ்விக் வீட்டில்தான் இருக்கிறோம். குளிர் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது.

இந்த வீட்டை நாங்கள் வாங்கிய நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும், பிறகு கோபம் வரும். பெப்ரவரி மாத வெயில். வீடு காட்ட வந்த மனிதர் பக்கத்துத் தெருவில் ஒரு புதிய கல்வீட்டைத்தான் முதலில் காட்டினார். கூரை தாழ்வு, ஜன்னல்கள் சின்னன். "பெட்டிக்குள்ளை இருக்கிற மாதிரிக் கிடக்கு, மூச்சு விடேலாது" என்று என் காதுக்குள் சொன்னீர்கள். பிறகு இந்தப் பழைய பலகை வீடு. முன்கதவும் பின்கதவும் ஒரே நேரில். நடைபாதையின் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் சேர்ட் காற்றில் உப்பியது.

"பாருமப்பா, என்ன காத்தோட்டம்."

எனக்கும் அந்தக் காற்றுப் பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் காற்றைத்தானே பார்ப்பார்கள். அந்த மனிதர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் ஜூன் மாதக் குளிர் வந்தபோதுதான் எங்களுக்கு விளங்கியது.

முன்னறைச் சுவரில் இருந்த கணப்படுப்புக் குழிக்கும் குடிவந்த அன்றே ஒரு வேலை கொடுத்தோம். விறகு எரிக்கிற ஆட்களா நாங்கள்? கரியைச் சுரண்டிக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிள்ளையாரையும் முருகனையும் லட்சுமியையும் உள்ளே வைத்தோம். "எங்களுக்கெண்டே சாமியறை விட்டுக் கட்டியிருக்கிறான்" என்று நீங்கள் பெருமையடித்தீர்கள். அந்தக் குழிக்குள் தலையை விட்டு மேலே அண்ணாந்து பார்க்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பிறகு நாலு குளிர்காலம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நீங்கள் காற்றோடு மல்லுக்கு நிற்பீர்கள். ஜன்னல் ஓரத்துக்கு ரப்பர் பட்டி, தரைப்பலகை வெடிப்புக்கு ஊர்ப் பேப்பர், விரலை நக்கி ஈரமாக்கிச் சுவர் ஓரமாகப் பிடித்துக்கொண்டு ஒரு நடை. நான் என் பங்குக்கு உங்கள் பழைய வேட்டியைப் பை போலத் தைத்து, அரிசி நிரப்பி, கதவின் கீழ் வைத்தேன். மூன்றாம் நாள் எலி வந்தது. "எலிக்குப் பந்தி வைச்சிருக்கிறீர்" என்று ஒரு மாதம் சொல்லிச் சிரித்தீர்கள். ஆனாலும் முன்னறையில் காற்று அடங்கவில்லை. எங்கிருந்து வருகிறது என்று கடைசிவரை உங்களால் பிடிக்க முடியவில்லை.

இந்த வருஷம் மே மாதம் உங்களுக்கு நெஞ்சுச்சளி கட்டியது. நீங்கள் இருமினால் வதனி எழும்பிவிடுவாள் என்று முன்னறைச் சோபாவில் படுத்தீர்கள். முதல் நாள் விடிய வந்து பார்த்தேன். கால் இரண்டும் சாமியை நோக்கி நீட்டியபடி.

"சாமிக்குக் காலை நீட்டிக்கொண்டு படுக்கிறீங்களே."

"அவரே போர்வை இல்லாமல் நிக்கிறார். ஒண்டும் நினையார்."

நான் விட்டேனா? அன்றே சோபாவைத் திருப்பி உங்கள் தலையைச் சாமிப் பக்கம் வைத்தேன். மூன்று வாரம் அப்படியே படுத்தீர்கள். "தலைமாட்டிலை ஆரோ இருந்து ஊதுற மாதிரிக் கிடக்கு" என்று சொன்னீர்கள். நான் ஒரு மப்ளரைக் கொண்டுவந்து கழுத்தில் சுற்றிவிட்டேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சளி நுரையீரலில் இறங்கியது, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். இதயம் முன்னமே பலவீனம், குளிரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னார். நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள்.

செத்தவீட்டுக்குச் சிட்னி நார்த்மீட்டில் இருந்து உங்கள் தம்பி சிவம் வந்தார். திரும்பிப் போகும்போது நடைபாதையில் நின்று கையைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணி, முப்பத்தொராம் நாள் கிரியைக்கு வாறன். அது முடியப் பிள்ளையையும் உங்களையும் சிட்னிக்குக் கூட்டிக்கொண்டு போறன். இந்த வீட்டிலை இனி இருக்கேலாது."

"இது அவர் வாங்கின வீடு, தம்பி."

"அண்ணா வாங்கின வீடுதான் அண்ணி. இப்ப பிள்ளையும் இருமுறாள்."

அவள் இருமிக்கொண்டுதான் இருந்தாள், உங்கள் இருமல் போலவே. தம்பி திரும்பி வரும்போதும் அவள் இருமிக்கொண்டிருந்தால் நான் ஒரு சொல்லும் சொல்லாமல் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. நீங்கள் நாலு வருஷமாகச் சூடாக்க முடியாத வீட்டை நான் ஒரு மாதத்தில் என்ன செய்வேன்? விட்டுப் போகவும் மனம் இல்லை. இங்கே ஒவ்வொரு வெடிப்பிலும் நீங்கள் கை வைத்திருக்கிறீர்கள்.

சாவுத் துடக்கு, தீட்டு என்பதால் சாமிக்கு முன்னால் வெள்ளைச் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டிவிட்டேன். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உங்கள் படம், செம்பில் தண்ணீர், விளக்கு. முப்பத்தொரு நாளும் அணையாமல் பார்க்க வேண்டும் அல்லவா? அது ஒரு நாளில் நாலு தரம் அணைந்தது. அணையாத நேரத்தில் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழும்பியது. திரை மெல்ல உப்பி அடங்கியது.

"அம்மா, அப்பா நடக்கிறார்" என்றாள் வதனி.

நான் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. குசினியில் வேலை செய்துகொண்டே எட்டிப் பார்ப்பேன். சுடர் சாய்ந்தால் நீங்கள் குறுக்கே போகிறீர்கள். அந்த நினைவோடு தேத்தண்ணி குடிக்கலாம், பிள்ளைக்குத் தலை வாரலாம்.

இருபதாம் நாள் பக்கத்து வீட்டு எலேனி வந்தாள். உங்களுக்குத்தான் தெரியுமே, புருஷன் போய்ப் பத்து வருஷமாகியும் கறுப்பு உடுப்பைக் கழற்றாத கிரேக்கத்துக்காரி. எங்கள் வீட்டில் மீன், இறைச்சி எந்த மச்சமும் இல்லை என்று அறிந்து பருப்பு சூப் கொண்டுவந்திருந்தாள். படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டாள். சுடர் சாய்வதைப் பார்த்தாள், திரை உப்புவதைப் பார்த்தாள். திரையை விலக்கினாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக் குழிக்குள் விட்டு மேலே உயர்த்தினாள். ஐஸ் தண்ணீரை ஊற்றியது போல உள்ளங்கையில் காற்று விழுந்தது.

"இது புகைபோக்கி. மேலை வானம்வரை திறந்து கிடக்கு. இதுக்குள்ளை போய்க் கடவுளை வைச்சிருக்கிறாய்" என்று தன் உடைந்த இங்கிலீஷில் சொன்னாள்.

நாலு வருஷம் நீங்கள் விரலை நனைத்துக்கொண்டு தேடிய காற்று. வீடு முழுக்கத் தேடினீர்கள், சாமி இருந்த இடத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அதைக் காட்டித் தர உங்கள் விளக்குத்தான் வேண்டியிருந்ததா?

அந்தக் குழியையும் சோபாவையும் மாறி மாறிப் பார்த்தேன். உங்கள் தலை இருந்த இடம் குழிக்கு நேர் முன்னால். அதை அங்கே வைத்தவள் நான். எலேனியிடம் சொன்னேன், விளங்கியதோ என்னவோ, முழுவதையும் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நான் என்ரை மனுசனுக்குச் சாப்பாட்டிலை உப்புக் கூடப் போட்டனான் எண்டு பத்து வருஷமா அழுகிறன்" என்றாள். சூப் ஆறிப்போனது.

அன்றே அடைத்திருக்கலாம். எலேனியும் அடைக்கச் சொன்னாள். நான் மூன்று நாள் அடைக்கவில்லை. காற்று நின்றால் சுடர் சாயாது. சுடர் சாயாவிட்டால் நீங்கள் நடக்க மாட்டீர்கள். பைத்தியம் என்று நினைப்பீர்கள். அந்த மூன்று நாளும் வதனி இருமிக்கொண்டிருந்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இதை வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை.

நாலாம் நாள் காலை. வதனி பள்ளிக்கூட உடுப்போடு திரைக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் முழங்காலில் நிற்கிறாள். இரண்டு கையாலும் சுடரை மறைத்துப் பிடித்திருக்கிறாள். காற்று முழுவதும் அவள் முதுகில் விழுகிறது. இருமல் வருகிறது, இருமினால் விளக்கு அணைந்துவிடும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அடக்கிக்கொண்டு நிற்கிறாள்.

நேரே போய் அலுமாரியைத் திறந்து உங்கள் ஓவர்கோட்டை எடுத்தேன். இங்கே வந்த முதல் குளிருக்கு வாங்கியது, உங்கள் தோளுக்கு இரண்டு அளவு பெரிது. பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டு எல்லோரையும் வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். தலையணை ஒன்றை நடுவில் வைத்துக் கோட்டைச் சுருட்டிக் கட்டினேன். எலேனி வந்து தும்புத்தடியால் மேலே தள்ளி இறுக்கினாள். தப்பித்தவறி யாரும் கீழே நெருப்பு மூட்டிவிடாமல் இருக்க, கோட்டில் கட்டிய சிவப்புக் கயிற்றின் நுனியைக் கண்ணில் படும்படி தொங்கவிட்டாள். மண்ணெண்ணெய் ஹீட்டர் எரியும் குசினியில் மட்டும் சுவரின் மேல் துவாரத்தை அடைக்க அவள் விடவில்லை. நெருப்புக்கும் மூச்சு வேண்டுமாம்.

சுடர் நேராக நின்றது. அசையவே இல்லை. வதனி முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் அதைப் பார்த்தாள்.

"அப்பா போயிட்டாரா?"

"இல்லையம்மா. நடந்து களைச்சுப்போய்க் கதிரையிலை இருக்கிறார்."

குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் அழுததைவிட அன்றுதான் கூட அழுதேன். நீங்கள் போய்விட்டீர்கள் என்பதை எனக்கு டொக்டர் சொல்லவில்லை, அந்தச் சுடர்தான் சொன்னது.

முப்பத்தொன்றுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சிவம் வந்தார், கோட்டும் தொப்பியும் கையுறையுமாக. முன்னறையில் இருத்திக் கோப்பி கொடுத்தேன். கதைத்துக்கொண்டே கையுறையைக் கழற்றினார். பிறகு தொப்பியை. கொஞ்ச நேரத்தில் எழும்பிக் கோட்டையும் கழற்றிக் கதிரையில் போட்டார். தான் செய்ததை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். பக்கத்தில் இருந்து வதனி பென்சிலால் படம் கீறிக்கொண்டிருந்தாள். இருமல் இல்லை.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. ஐயர் கிடைக்காததால் சிவமே தேவாரம் பாடினார். அடுத்த நாள் வெளிக்கிடும்போது, "அண்ணி, அண்ணான்ரை ஓவர்கோட்டை நான் கொண்டு போகட்டே? ஞாபகத்துக்கு" என்று கேட்டார்.

நான் சாமிப் பக்கம் கையைக் காட்டினேன். விளங்காமல் போய்க் குனிந்து, சிவப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கரி. கரிக்கு மேலே கண்ணீர்.

"இருக்கட்டும் அண்ணி. நீங்களும் இருங்கோ" என்றார். அதற்குப் பிறகு சிட்னிப் பேச்சை எடுக்கவில்லை.

எலேனி வேலை செய்யும் தையல் தொழிற்சாலையில் அடுத்த திங்கள் முதல் எனக்கும் வேலை. வதனி ஒரு பல் விழுந்து, உங்கள் ஆச்சி போலச் சிரிக்கிறாள். சாமி எல்லோரும் பழைய இடத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் இப்போது குளிராது. சோபாவை நான் இன்னமும் திருப்பவில்லை. தலைமாட்டில் யாரும் ஊதாத அந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருந்து பார்ப்பேன். இவ்வளவு சூடாக இந்த அறையை நீங்கள் ஒருநாளும் பார்க்கவில்லையே. அப்போதே பாயைத் தரையில் போட்டு வேறு பக்கம் படுக்க வைத்திருந்தால்?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். பெப்ரவரி வரட்டும். அந்தக் கயிற்றை இழுத்து உங்கள் கோட்டைக் கீழே இறக்குவேன். கரியைத் தட்டி வெயிலில் காயப் போடுவேன். ரப்பர் பட்டி, பேப்பர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்து வைத்து, நடைபாதையின் நடுவில் வதனியைக் கையை விரித்து நிற்கச் சொல்வேன். நீங்கள் பார்த்து வாங்கிய காற்று அவளுடைய சட்டையை உப்ப வைக்கட்டும். அன்றைக்கு நீங்கள் எவ்வளவும் நடக்கலாம்.

நீங்கள் பெயர் சொல்லாமல் "இஞ்சாரும்" என்று கூப்பிட்ட,
வதனியின் அம்மா