கடலை மாவு தந்த முதல் மேட்ச்

நடுவில் விழுந்த பந்தையெல்லாம் எனக்கும் சேர்த்து ஓடி எடுத்த ஞானமுத்து மச்சானுக்கு,

சாரல் ஆரம்பிச்சாச்சு. மேலகரத்துக் கடைக்குள் இருந்தே சொல்லிடலாம், சீனி மூட்டையில் ஈரம் ஏறுது. நீர் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு வருகிற முதல் சீசன் இது.

நேற்று வக்கீல் கடைக்கு வந்தார். என் முதல் மேட்ச்சில் நமக்கு எதிரே நின்றாரே, அவரேதான். "அண்ணாச்சி, இந்த சீசன் போட்டிக்கு என்கூட ஜோடி சேருதீரா? நாளைக்குள்ள பேரு கொடுக்கணும்" என்றார். "ஜோடி போன மாட்டை ஏன் ஏருல பூட்டுதீரு?" என்று சிரித்துச் சமாளித்தேன். சிரித்த லட்சணம், பாசிப்பருப்பு கேட்டவருக்கு உளுந்தைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

எட்டாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். குற்றாலத்து டென்னிஸ் கிளப்புக்குச் சீனி கொண்டுவந்தவனை, நாலாவது ஆள் வரலைன்னு நீர்தானே கோர்ட்டுக்குள் இழுத்து நிறுத்தினீர்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"பதினஞ்சு, முப்பது, அப்புறம் நாப்பதா? என்னவே கணக்கு? என் கடையில இப்படி எண்ணினா ஊரே சிரிக்கும்."

"எண்ணுததுக்கு ஆளு இருக்கு. நீரு பந்தைப் பாரும்வே."

பார்த்தேன். மெல்ல மெல்லப் பந்து வலையைத் தாண்டப் பழகியது. என் தொந்திதான் கடைசிவரை பழகவில்லை.

பிறகு ஆசை வந்தது. வெளியூர் கிளப்புகளோடு ஆட வேண்டுமானால் ஜில்லா சங்கத்தில் பெயர் பதிந்திருக்கணும். "சீசன் போட்டியில ஒரு மேட்ச் முழுசா ஆடிக் காட்டும். பாதியில நின்னா பேரை அனுப்ப மாட்டேன்" என்றார் கிளப் செக்ரட்டரி. என் மகள் வடிவோ, "எங்கப்பா பிளேயர் ஆவப்போறாவ" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

மேட்ச் அன்று காலை நான் செய்த காரியத்தை வேறு எந்த ஊர் ஆட்டக்காரனும் செய்திருக்க மாட்டான். உடம்பு இளகட்டும் என்று தலை முதல் கால்வரை எண்ணெய் தேய்த்து மெயினருவியில் நின்றேன். அருவி எல்லா இடத்தையும் கழுவியது, உள்ளங்கையை மட்டும் விட்டுவிட்டது.

முதல் சர்வீஸ். பந்து வலையில், மட்டை வலைக்கு அந்தப் பக்கம். வக்கீல் குனிந்ததால் பிழைத்தார். அடுத்த தடவை மட்டை அம்பயர் நாற்காலிக் காலடியில் போய் விழுந்தது. "இன்னொரு தடவை பறந்துச்சு, ஆட்டத்தை நிறுத்திருவேன்" என்றார் அவர்.

நீர் மட்டையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினீர். கோபித்துக்கொண்டு போய்விட்டீர் என்றே நினைத்தேன். பஜ்ஜிக் கடையிலிருந்து இரண்டு கையிலும் கடலை மாவை அள்ளிக்கொண்டு வந்தீர், வெள்ளைச் சட்டையெல்லாம் மஞ்சளாக.

"கையை நீட்டும்வே. எண்ணெய் உம்மகிட்ட இருக்கு, மாவு கொண்டாந்துட்டேன். பஜ்ஜி போட்ருவோம்."

அம்பயரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாம் தோற்றோம், நன்றாகவே தோற்றோம். ஆனால் கடைசிப் பந்துவரை மட்டை என் கையில் இருந்தது. என் பெயர் ஜில்லாவுக்குப் போனது.

இதெல்லாம் உமக்குத் தெரிந்த கதை. எனக்குத் தெரியாத ஒன்றை வக்கீல் நேற்று சைக்கிளில் ஏறும்போது சொன்னார். அந்த சீசனில் உம்மை முதலில் ஜோடியாகக் கூப்பிட்டது அவர்தானாம். "கப்பை நீங்களே வச்சுக்கிடுங்க வக்கீலய்யா. என் மச்சானுக்கு ஒரு மேட்ச் வேணும்" என்றீராம்.

ஏன் மச்சான் சொல்லவேயில்லை? சொன்னால் விலகிக்கொள்வேன் என்றா? அதற்குப் பிறகு எத்தனை சீசன் சேர்ந்து ஆடினோம், ஒரு நாள்கூடவா வாய் வரலை?

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. காலையில் கடையைத் திறக்குமுன் போய் வக்கீலோடு பேரைக் கொடுத்துவிட்டேன். வடிவுக்கு இப்போது கல்யாண வயசு, வாய் மட்டும் அப்படியே இருக்கு. "எண்ணெய்க் கிண்ணத்தை ஒளிச்சு வச்சிட்டேம்ப்பா" என்கிறாள். பையில் கடலை மாவுப் பொட்டலம் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன்.

நடுவில் பந்து வந்தால் "உமக்கு!" என்று கத்திவிட்டு மரம் மாதிரி நின்றே பழகியவன் நான். இந்த வருஷமும் வாய் கத்தத்தான் செய்யும். கத்தட்டும். கால் நிற்காது மச்சான், நானே ஓடுவேன்.

என்றும் உம்ம ஜோடி, உம்ம மச்சான்,
சங்கரன்