மன்னார்க் கழுதைகளின் கடைசி ஆட்டம்

என் ஜெசிந்தா அக்கா,

உங்கள் கழுதைகள் கடைசி இடத்தில்தான் முடித்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் முடியும்வரை, "அதை விடு பிள்ளை, எங்கடை ஆக்கள் என்ன மாதிரி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

உங்கள் ஓராண்டு நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி பாதர் கேட்டார். உங்கள் பக்தியைப் பற்றியும், பூசையில் நீங்கள் பாடுவதைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஜெசிந்தா அக்கா, வியாழக்கிழமை மூன்று மணிக்கு, வேலை செய்கிற பகேரியா ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, கோட்டைக்கூடக் கழற்றாமல் தாயக்கட்டையைக் கையில் எடுக்கிற ஆள். அந்த ஆளைப் பற்றித்தான் என்னால் எழுத முடியும். படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கவும் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். கபோச் சந்தைக்குப் பக்கத்தில் நான் வேலை செய்கிற வீட்டில், வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவின் காலஞ்சென்ற கணவருடைய பெட்டி ஒன்று இருந்தது. மனிதர் வாலிப வயதில் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பெட்டிக்குள் பேஸ்போல் இருந்தது. மட்டையும் பந்தும் இல்லை. மூன்று தாயக்கட்டைகளும் ஆறு அணிகளின் அட்டைகளும் மட்டும். ஒவ்வோர் அட்டையும் ஒரு காலத்தில் உண்மையாகவே விளையாடிய ஓர் ஆள். கட்டையை உருட்டி, விழுந்த எண்ணை அட்டையில் தேடினால், அவன் அடித்தானா அவுட்டா என்று எழுதியிருக்கும். உயிரோடு இருந்தபோது எப்படி விளையாடினானோ அதற்கு ஏற்றபடிதான் எண்கள். அப்போது கெட்டிக்காரன் இப்போதும் கெட்டிக்காரன். அப்போது ஏலாதவனுக்கு இப்போதும் ஏலாது.

"எல்லாரும் செத்துப்போன ஆக்களோ?" என்று கேட்டீர்கள்.

"ஓம் அக்கா. அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தின ஆக்கள்."

"அப்ப ஒருத்தருக்கும் காயம் படாது. வா, விளையாடுவம்."

நாங்கள் இருவரும் கிரிக்கெட் மட்டையைக்கூடத் தொட்டதில்லை. அண்ணன்மார் விளையாடியதைப் பார்த்ததோடு சரி. பந்து எறிகிறவனைக் கடைசிவரை 'போலர்' என்றுதான் சொன்னோம்.

அணி தெரிவு செய்த நாளில் நீங்கள் செய்ததை நினைத்தால் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது. நான் மூலைகள் தேய்ந்து அழுக்கேறிய அட்டைகளை எடுத்தேன். அந்த மனிதர் அதிகமாக எடுத்து விளையாடியது என்றால் நல்ல அணியாகத்தான் இருக்கும் என்று எனக்கு விளங்கியது. உங்களுக்கும் விளங்கியது. தெரிந்துகொண்டே, மூலை மடங்காத, கடையில் வாங்கியபடியே கிடந்த அட்டைக்கட்டு ஒன்றை எடுத்தீர்கள். "பாவம் பிள்ளை, இவையை ஒருத்தரும் எடுக்கேல்லை." தோற்பதற்கென்றே ஓர் அணியைத் தேடி எடுக்கிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கழுதைகள் தெருவில் திரிகிற உங்கள் ஊரை நினைத்து, அந்த அணிக்கு மன்னார்க் கழுதைகள் என்று பெயர் வைத்தது நான். "எங்கடை ஊர்க் கழுதைக்கு என்ன குறை?" என்று அதையே பெருமையாகக் கொப்பியில் எழுதிவிட்டு, என் அணிக்குப் பனங்கொட்டைகள் என்று வைத்தீர்கள். பனங்கொட்டை என்று மற்ற ஊரார் பகிடி பண்ணுகிற யாழ்ப்பாணத்தாள் நான், வேறென்ன சொல்ல முடியும்? ஆட்களின் வெள்ளைக்காரப் பெயர்கள் வாயில் நுழையாததால் அவர்களுக்கும் நாங்களே ஞானஸ்நானம் கொடுத்தோம். யாருக்கும் ஒன்றும் விட்டுக்கொடுக்காத என் போலர் கணக்கு வாத்தியார். உங்கள் அணியில் எல்லாரையும்விட ஏலாதவன் சம்மனசு, அதாவது வானதூதன். "ஆருக்கும் ஒரு கெடுதியும் செய்யமாட்டான். சம்மனசு மாதிரிப் பெடியன்" என்று அவனை ஒரு நாளும் வெளியில் இருத்தவில்லை.

மற்ற நாலு அணிகளுக்கும் நாங்களே மாறி மாறி உருட்டினோம். முப்பது ஆட்டங்கள் கொண்ட சீசனில் இருபத்துநான்கு முடிந்தபோது, உங்களுக்கு ஐந்து வெற்றி, பதினேழு தோல்வி. ஒவ்வொரு தோல்விக்கும் புனித அந்தோனியாருக்குப் பேச்சு விழும். "ஒரே ஒரு அடி கேட்டனான், அதுக்கும் வழியில்லையே உமக்கு?" என்பீர்கள். மறுபடி உருட்டச் சொன்னால் மட்டும் மாட்டீர்கள். ஒரு முறை கட்டை மேசையிலிருந்து கீழே விழுந்தது. அது கணக்கில்லை, திரும்பப் போடுங்கோ என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, "விழுந்தது விழுந்ததுதான்" என்று உங்கள் ஆளை நீங்களே அவுட்டாக்கினீர்கள்.

மிச்சம் இரண்டும் சமம். பேஸ்போலில் சமம் கிடையாது என்பது எங்களுக்குத் தெரியாது. விளக்கப் புத்தகத்தில் பாதிப் பக்கங்கள் இல்லை. கிரிக்கெட் மாதிரித்தானே என்று, ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து ஓட்டங்கள் ஒன்றாக நின்றால் சமம் என்று எழுதிவந்தோம். ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்த சிஞ்ஞோரா சிரித்தா. "இதில் சமம் இல்லை. ஒருவர் தோற்கும்வரை ஆட வேண்டும். என் கணவர் அப்படி ஆடி ஆடிச் சாப்பாடு ஆறிப்போகும்" என்றா.

நான் கொப்பியைத் திருத்தப் போனேன். நீங்கள் கையைப் பிடித்தீர்கள். "ஒன்பது இன்னிங்ஸ் நிண்டிட்டினம். களைச்சுப் போச்சினம். இனி வீட்டை போகட்டும் பிள்ளை." அன்றிலிருந்து அதுதான் எங்கள் சட்டம்.

இருபத்தைந்தாவது ஆட்டத்துக்கு வருகிறேன்.

உங்கள் கழுதைகளும் என் பனங்கொட்டைகளும். மூன்றுக்கு மூன்று. ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி. நீங்கள் அடிக்கிறீர்கள். மூன்று பேர் அவுட்டானால் முடிந்தது. இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில், ஓட்டத்தின் கடைசிப் படியில், உங்கள் ஆள் ஒருவன் நிற்கிறான். அவன் ஓடி வந்துவிட்டால் நீங்கள் வென்றீர்கள். அடிக்க வந்தது சம்மனசு. எறிவது கணக்கு வாத்தியார். நீங்கள் சிலுவை போட்டுவிட்டுக் கட்டையைக் கைக்குள் குலுக்குகிறீர்கள். அப்போது டெலிபோன் அடித்தது. உங்கள் வேலைவீட்டுக் கிழவர் விழுந்துவிட்டாராம், அடுத்த ரயிலில் வரட்டாம்.

கட்டையை மெதுவாகக் கீழே வைத்தீர்கள். "வாற வியாழன் சம்மனசு அடிப்பான். அதுவரைக்கும் ஒருத்தரும் இதைத் தொடப்படாது, சொல்லிப்போட்டன்." நான் அட்டைகளை அப்படியே தட்டத்தில் ஏற்றி அலுமாரிக்கு மேல் வைத்தேன். படிகளில் உங்கள் சத்தம் கேட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் பகேரியா ஸ்டேஷனில் நீங்கள் மயங்கி விழுந்ததாகச் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உங்கள் கோட்டையும் பையையும் என் கையில் தந்தார்கள்.

ஓர் உருட்டலுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் அக்கா? உருட்டிவிட்டுப் போங்கோ என்று நான் ஏன் சொல்லவில்லை?

வியாழக்கிழமைப் பின்னேரங்களில், வீட்டுவேலை செய்கிற எங்கள் ஊர்ச் சனம் எல்லாருக்கும் லீவு. சதுக்கத்தில் கூட்டமாக நிற்பார்கள். வாங்கோ என்று கூப்பிடுவார்கள், போவேன். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் யாருடைய பெர்மெஸ்ஸோ, அந்த வதிவிட அனுமதி, இழுபடுகிறது, யாருக்கு வேலை போனது என்று கதைப்பார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் உங்களோடு இருக்கும்போது எனக்குக் கதைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. இப்போது நாள் முழுக்கக் கதைத்துவிட்டு வந்தும் தனியாகத்தான் இருக்கிறேன். நீங்கள் வாங்கி வருகிற பனெல்லே, அந்தக் கடலைமாப் பொரியல், அதே கடையில் ஒரு நாள் வாங்கினேன். இரண்டு வாங்கிவிட்டேன். மற்றதைச் சிஞ்ஞோரா சாப்பிட்டா.

மிச்ச ஐந்து ஆட்டங்களையும் நான்தான் விளையாடி முடித்தேன். எட்டு மாதம் எடுத்தது. என் பக்கத்துக்கு என் கதிரையில் இருந்து உருட்டுவேன். உங்கள் பக்கம் வந்ததும் எழும்பிப் போய் உங்கள் கதிரையில் இருந்து உருட்டுவேன். "ஏன் இப்படி எழும்பி எழும்பி இருக்கிறாய்?" என்று சிஞ்ஞோரா கேட்டா. அட்டைகளுக்குத் தெரியும் சிஞ்ஞோரா என்றேன். என்ன நினைத்தாவோ தெரியாது, பிறகு கேட்கவில்லை.

ஐந்திலும் தோல்வி. ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். நாலாவது ஆட்டத்தில் கள்ளம் செய்தேன். பிடிக்காத எண் விழுந்தபோதெல்லாம் உங்களுக்காகத் திரும்ப உருட்டினேன். கழுதைகள் ஒன்பது ஓட்டம் எடுத்தார்கள். கொப்பியில் 'வெற்றி' என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வியாழன் அதை வெட்டிவிட்டு, முதலிலிருந்து ஒழுங்காக விளையாடித் தோற்றேன். உங்கள் மேல் கோபமும் வந்தது. நல்ல அட்டைகளை எடுத்திருந்தால் எனக்கு இந்தப் பாவம் வந்திருக்குமா?

அலுமாரிக்கு மேலிருந்த தட்டத்தை மட்டும் நான் இறக்கவில்லை. தூசு துடைக்க ஏறும்போதுகூட அட்டைகளைச் சுற்றித்தான் துடைப்பேன். அங்கே சம்மனசு இன்னமும் அடிக்க நிற்கிறான், நீங்கள் இன்னமும் கட்டையோடு இருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆனால் சிஞ்ஞோராவுக்கு இனித் தனியாக இருக்க ஏலாது. வடக்கே மகளோடு போய் இருக்கப் போகிறா. இந்த மாதக் கடைசியில் வீட்டைக் கொடுக்கிறார்கள். மேசை, கதிரை, அலுமாரி எல்லாவற்றையும் எடுத்துப்போக ஆள் வருகிறது. அதனால் போன வியாழன் தட்டத்தை இறக்கினேன்.

உங்கள் கதிரையில் இருந்தேன். சிலுவை போட எனக்குத் தெரியாது, உங்களைப் பார்த்த மாதிரிப் போட்டேன். உருட்டினேன்.

அவுட். சம்மனசு யாருக்கும் ஒரு கெடுதியும் செய்யவில்லை.

மூன்றுக்கு மூன்று. உங்கள் சட்டப்படி அந்த இடத்தில் முடிந்தது. கொப்பியை எடுத்துச் சமம் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் அட்டைகளைப் பெட்டிக்குள் போட வேண்டும். போட்டால் உங்களோடு விளையாட எனக்கு வேறு ஆட்டம் இல்லை. என்னால் முடியவில்லை அக்கா. நீங்கள் வேண்டாம் என்ற அந்தச் சட்டத்தை எடுத்தேன். ஒருவர் தோற்கும்வரை.

பத்தாவது இன்னிங்ஸ். கதிரை மாறி மாறி உருட்டினேன். இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. பதினொன்றில் நான் ஒரு ஓட்டம் எடுத்தேன், உடனே நீங்களும் எடுத்தீர்கள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஒரு வருஷத்தில் அந்த மேசையில் நான் சிரித்தது அப்போதுதான். இப்படியே போனால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். பன்னிரண்டில் என் ஆள் ஒருவன் பந்தை மதிலுக்கு வெளியே அடித்தான். ஒரு ஓட்டம். உங்கள் கதிரைக்குப் போனேன். முதலாவது ஆள் அவுட். இரண்டாவது ஆள் அவுட். மூன்றாவது சம்மனசு, திரும்பவும் அவனே. நான் கட்டையைக் குலுக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு உருட்டினேன்.

சிஞ்ஞோரா தடியை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தா. "முடிந்ததா? யார் வென்றது?"

"நான்" என்றேன்.

"அப்படியென்றால் ஏன் அழுகிறாய்?"

ஏன் என்று அவவுக்கு எப்படிச் சொல்வது? ஒன்பதில் நிற்பாட்டியிருந்தால் நீங்கள் தோற்கவில்லை. உங்களைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்க ஆசைப்பட்டேன். பிடித்து வைத்து, நானே உங்களைத் தோற்கடித்துவிட்டேன்.

கொப்பியைத் திறந்து பேனாவை எடுத்தேன். விழுந்தது விழுந்ததுதான் என்றதும் நீங்கள். ஒன்பதோடு வீட்டை போகட்டும் என்றதும் நீங்கள். எதை எழுதுவது? கடைசியில், எங்கள் லீக்கில் பத்தாவது இன்னிங்ஸ் என்று ஒன்று இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இருந்ததே இல்லை. மன்னார்க் கழுதைகள் மூன்று, பனங்கொட்டைகள் மூன்று, சமம் என்று எழுதிக் கோடு போட்டேன். ஐந்து வெற்றி, இருபத்திரண்டு தோல்வி, மூன்று சமம். கடைசி இடம். மற்ற மூன்று இன்னிங்ஸையும் இந்தக் கடிதத்தைத் தவிர வேறெங்கும் எழுதவில்லை. அது ஆட்டம் இல்லை, நான் உங்களோடு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

பெட்டியைச் சிஞ்ஞோரா எனக்கே தந்துவிட்டா. வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஒரு வீட்டில் புது வேலை கிடைத்திருக்கிறது. சின்ன அறை, ஆனால் ஒரு மேசையும் கதிரையும் இருக்கின்றன. பனங்கொட்டைகளை யாராவது எடுக்கட்டும். மூலை தேய்ந்த அட்டைகளுக்கு எப்படியும் ஆள் கிடைக்கும். உங்கள் கழுதைகளை இனி நான் எடுக்கிறேன். சம்மனசை ஒரு நாளும் வெளியில் இருத்தமாட்டேன். ஒன்பது முடிந்து ஓட்டங்கள் சமமாக நின்றால், எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தாலும், கட்டையைக் கீழே வைத்துவிடுவேன். இது உங்கள் அந்தோனியார் மேல் சத்தியம்.

நீங்களும் களைச்சுப் போனியள் அக்கா. நான் இனிப் பிடிச்சு வைக்கமாட்டன். வீட்டை போங்கோ.

உங்கள் பனங்கொட்டைத் தங்கச்சி,
வதனா