கட்டைவிரலுக்கு இரண்டு பட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் என்னை முழுசாகப் பேச விடமாட்டாய், அதனால்தான் காகிதம்.

நீ வேலைக்குத் திரும்பியதும் அங்கே வந்து பேரனை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் கிழியச் சொன்னேன் அல்லவா? என் வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டதாம். கத்தரிக்கோல் பிடித்தே காலம் தள்ளிய கை, வேறென்ன ஆகும்? உன்னிடம் சொல்லாமல் மழுப்பிக்கொண்டிருந்தேன். உன் அம்மா இருந்திருந்தால் அன்றைக்கே போட்டுக் கொடுத்திருப்பாள்.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி சொல்லித்தரும் பெண் இரண்டு பட்டைகள் கொடுத்தாள். ஒன்று துணிப் பட்டை. போட்டதே தெரியாது, ஊசியில் நூல் கோக்கலாம். ஆனால் கனமாக எதையாவது தூக்கினால் உயிர் போகிறது. இன்னொன்று பிளாஸ்டிக். வெந்நீரில் இளக்கி, என் கைமேலேயே வைத்து அச்சு எடுத்தாள். அதைப் போட்டால் வலி வாலைச் சுருட்டிக்கொள்கிறது, சட்டைப் பட்டன்தான் போட முடியவில்லை. குழந்தையைத் தூக்க எது நல்லது என்று கேட்டேன். ஏதாவது கனத்தைத் தூக்கிப் பழகிப் பாருங்க சார், உங்களுக்கே தெரிஞ்சிடும் என்றாள்.

ஐந்து கிலோ மாவுப் பையைத் துண்டில் சுற்றி, இது தலை, இது கால் என்று வைத்துக்கொண்டு தையல் கடைக்குள்ளேயே நடந்தேன். பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்து, என்னண்ணே, பேரன் தூங்கிட்டானா என்று கேட்டார். பிளாஸ்டிக் பட்டையோடு நன்றாகவே தூக்கினேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். பட்டையின் ஓரம் பிள்ளையின் கன்னத்தில் உரசுமே என்று தோன்றியது. தையல்காரன் புத்தி சும்மா இருக்குமா? அவனுக்குச் சட்டை தைத்ததில் மிஞ்சிய மெத்தென்ற துணியில் ஓர் உறை தைத்து, உள்ளும் புறமும் வருகிற மாதிரி மாட்டினேன். அழகாக இருந்தது. மறுநாள் பையைத் தூக்கினேன். உள்ளே இருந்த துணியில் பட்டை வழுக்கி நகர்ந்தது, விரல் மடங்கியது, பை கைநழுவிக் கீழே போய்விட்டது. தலைப்பக்கம்தான் முதலில் விழுந்தது.

இஸ்திரிக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிந்திய மாவைக் கூட்டி அள்ளினேன்.

அளவெடுத்துத் தைத்த சட்டைக்குள் ஸ்வெட்டரைத் திணிக்காதீர்கள் என்று எத்தனை பேருக்கு உபதேசம் செய்திருப்பேன்! உறையைக் கழற்றிவிட்டால் பட்டை பழையபடி பிடிக்கும் என்கிறாள் அந்தப் பெண். கழற்றிவிட்டேன், பிடிக்கவும் பிடிக்கிறது. பயத்தைத்தான் கழற்ற முடியவில்லையம்மா.

ஆகையால் பகலெல்லாம் அவனை என்னிடம் தனியாக விட்டுவிட்டுப் போகாதே. தூக்க, குளிப்பாட்ட ஓர் ஆளை ஏற்பாடு செய். என்னை நம்பித்தான் நீ வேலைக்குத் திரும்பச் சம்மதித்தாய் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

இனி நான் வந்து என்ன பிரயோஜனம் என்று உனக்குத் தோன்றினால் எனக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு, வருத்தப்பட மாட்டேன். இல்லை, படுவேன். வரச் சொன்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்துகொள்கிறேன். நான் தூக்க மாட்டேன், நீயே கொண்டுவந்து என் மடியில் வை. மடிக்குத் தேய்மானம் ஒன்றும் இல்லை.

மூவரும் நோய்நொடியில்லாமல் இருங்கள். எந்தப் பதிலானாலும் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா