காசிம் பாய் கழுவிவிட்ட தடயம்

செம்பூர்,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

அன்பு மகள் செல்விக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். அந்த ஃபின்லாந்துப் பனியில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் தெம்பாக இருக்க வேண்டும் என்று முப்பிடாதி அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்திருக்கிறேன்.

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பாய். அடுப்பு பற்றவைக்கவில்லை, பல்கூடத் தேய்க்கவில்லை. ஐந்து மணிக்கு நைட்டிக்கு மேல் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, டார்ச்சோடு கீழே இறங்கிப் போய் நம் பழைய காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நேற்று நான் விரித்து வைத்த செய்தித்தாளில் சிவப்பாக நாலைந்து சொட்டு கிடந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ பன்னிரண்டாவது பாஸானபோதுகூட இவ்வளவு பூரித்தேனா தெரியவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

விஷயம் இதுதான். தீபாவளியிலிருந்தே வண்டி சூடாகிக்கொண்டிருந்தது. சயான் சிக்னலில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறும், ஃப்ரீவேயில் ஓடினால் இறங்கிவிடும், இரண்டு நாளுக்கு ஒருதரம் அந்தச் சிவப்புக் கூலன்ட்டை டப்பாவில் ஊற்ற வேண்டியிருந்தது. நயினார் சித்தப்பா தாராவி மெக்கானிக் கடையிலிருந்து வந்து, இஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டு, அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. “தண்ணி வெளிய வரல மைனி, அப்போ உள்ளதான் போவுது. ஹெட் கேஸ்கெட் போயிட்டு. இஞ்சினப் பிரிக்கணும், இந்தக் கெழட்டு வண்டிக்கு அது தேவையா” என்று அவர் சொன்னதும் அப்பா முடிவு கட்டிவிட்டார். பழைய வண்டி வாங்கும் ஷாகிர் என்பவர் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு சுனாபட்டியிலிருந்து வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பத்தாறு வயதில், போன அக்டோபரில்தான் லைசென்ஸ் வாங்கினேன். இருபது வருடம் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிலிண்டர் புக் பண்ணினோமா, பால்காரருக்கு நாளைக்கு வேண்டாம் என்று சொன்னோமா என்று யோசித்துக்கொண்டே போய் வந்தவள் நான். எந்த ரோடு எங்கே திரும்புகிறது என்று ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் பார்த்தேன். அந்த கிளட்ச்சை எவ்வளவு விட்டால் வண்டி நகரும் என்று என் காலுக்குத் தெரியும். அது போய்விட்டால் அப்பா இன்னொன்று வாங்க மாட்டார், ஆட்டோ இருக்கே என்பார். நானும் வற்புறுத்த மாட்டேன், மெதுவாக விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கூலன்ட் இஞ்சினுக்குள் போகிறது என்றால் பின்னால் வெள்ளைப் புகை வர வேண்டும், வரவில்லை. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், உள்ளே பால் விட்ட டீ மாதிரி இருக்கும் என்றார்கள், அப்படியும் இல்லை. கூலன்ட் டப்பாவில் மட்டத்துக்கு நேராகப் பேனாவால் ஒரு கோடு போட்டேன். திங்களும் செவ்வாயும் வண்டியை யாரும் எடுக்கவில்லை. புதன் காலை பார்த்தால் கோட்டுக்கு ஒரு விரல் அகலம் கீழே இறங்கியிருக்கிறது. ஓடாத இஞ்சின் எப்படிக் குடிக்கும். அப்பாவிடம் சொன்னதற்கு, “வெயிலுக்கு வத்தியிருக்கும்ட்டி” என்றார். பொங்கல் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, என்ன வெயிலோ.

அன்று படுக்கப்போகும் முன் வண்டிக்கு அடியில் பேப்பர் விரித்தேன். நேற்றுக் காலை ஏழு மணிக்குப் போனால் பேப்பரைக் காணோம், தரையெல்லாம் ஈரம். நம் பில்டிங் வண்டிகளைக் கழுவுகிற காசிம் பாயைக் கேட்டேன். “யாரோ குப்பையப் போட்டிருந்தாவம்மா, எடுத்து எறிஞ்சிட்டேன்” என்றார். வேறு ஏதாவது ஒழுகிக் கிடந்ததா என்றால், “தெனமுந்தான் முன்பக்கம் கொஞ்சம் ஈரம் கெடக்கும். ஏசித் தண்ணியின்னு கழுவி விட்டுருவேன்” என்கிறார் சாதாரணமாக. பாவம், சுத்தமாக வேலை செய்கிற மனிதர். தடயத்தைத் தினமும் ஆறு மணிக்கு வாளித் தண்ணீர் ஊற்றி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அதனால்தான் நேற்று ராத்திரி மறுபடியும் பேப்பர் விரித்துவிட்டு, இன்று அவருக்கு முன்னால் நான் போனேன்.

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே ரேடியேட்டரின் கீழ்க்குழாய் சேருகிறது. அந்தக் கிளிப் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது, விரலை வைத்தால் ஈரம். இஞ்சின் சூடாக இருக்கும்போது ரப்பர் விரிந்து இறுகி அடைத்துக்கொள்கிறது, ஆறினதும் சுருங்கி ஒழுகுகிறது. சித்தப்பா எப்போதும் சூடாக்கித்தான் பார்த்தார். நான் பி.எஸ்ஸி.யில் படித்த பௌதிகத்துக்கு இத்தனை வருடம் கழித்து ஒரு வேலை வந்தது பார். சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன், புதுக் கிளிப்போடு வந்தார், பத்து நிமிஷ வேலை. முடித்துவிட்டு, “மைனி, நீங்க கடைக்கு வந்துருங்க, நா வீட்ல சோறு பொங்குதேன்” என்றார். கூலன்ட் நிரப்பி, ஏசி போட்டு, நின்ற இடத்திலேயே முக்கால் மணி நேரம் ஓடவிட்டோம். போன வாரம் பானை பொங்காதா என்று பார்த்தவள், இன்று பொங்கிவிடக் கூடாதே என்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவை விட்டு நகரவில்லை.

உடனே தாணேயில் ஆபீஸில் இருந்த அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். “நல்லதாப் போச்சு, ஷாகிர்ட்ட இன்னும் கொஞ்சம் கூடக் கேக்கலாம்” என்றார். போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

நீயும் தோழியோடு சேர்ந்து பழைய கார் வாங்கப்போவதாகச் சொன்னாயே. விற்கிறவர் ஸ்டார்ட் பண்ணி வைத்துக் காட்டினால் நம்பாதே, ஆறிக் கிடக்கும்போது முதலில் அடியில் பார். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, முகத்தில் அடித்துவிடும். அங்கே உறையாமலிருக்க ஊற்றும் கூலன்ட்டைத்தான் இங்கே கொதிக்காமலிருக்க ஊற்றுகிறோம் என்று சித்தப்பா சொன்னார், எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இட்லிப் பொடியோடு இந்தக் கடிதத்தையும் பார்சலில் வைக்கிறேன். தமிழ் வாசிக்க நேரமாகிறது என்று பாதியில் விட்டுவிடாதே, வாய்விட்டுப் படித்தால் வந்துவிடும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. படிப்பு நல்லபடியாக முடிந்து, நினைத்ததெல்லாம் கைகூடி நீ நன்றாக இரு.

இனி சொல்லப்போவது அப்பாவுக்கும் தெரியாது, சித்தப்பாவுக்கும் தெரியாது. பார்சல் வந்து சேருவதற்குள் நடந்து முடிந்திருக்கும், அதனால் உனக்குச் சொல்லலாம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அப்பாவை எழுப்பி, பன்வேலில் டீ குடிக்கலாம் வாங்க என்று இடப்பக்கம் உட்கார வைக்கப்போகிறேன். வாஷி பாலத்துக்கு அந்தப் பக்கம் இதுவரை நான் ஓட்டியதில்லை. டீ குடித்ததும் திரும்பாமல் நேரே கண்டாலா மலை ஏறிவிடுவேன். பதினோரு மணிக்கு ஷாகிர் கூப்பிடும்போது நாங்கள் மேலே இருப்போம். போனை நான்தான் எடுப்பேன், வண்டியைக் கொடுக்கவில்லை என்று நானே சொல்லிவிடுவேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா.